எந்த ஸ்டார் வேணும்ணே? சின்ன சாமான் கழட்டுறதுக்கு பிட் கண்டுபிடிக்கிறதும் கையால செஞ்சுக்கிறதும்

போன மே மாச லீவுக்கு அக்கா பையன் வந்தப்ப கூடவே அவனோட பிஎஸ்4 கேம் பெட்டியையும் தூக்கிட்டு வந்தான். ஆன் பண்ணி பத்து நிமிஷம் போனா போதும், பக்கத்து ரூம்ல மிக்ஸி ஓடுற மாதிரி சத்தம், உள்ள ஃபேன்லயும், சூட்ட இழுத்து வெளியேத்துற ஹீட் சிங்க்லயும் தூசி அடைச்சிருக்கும், தொறந்து சுத்தம் பண்ணா அடங்கிடும்னு தெரியும், வாரண்டியும் எப்பவோ முடிஞ்சிருச்சு, அதனால கழட்டிரலாம்னு ரெண்டு பேரும் தரையில பேப்பர் விரிச்சு உக்காந்தோம். பின்பக்கம் இருந்த ஸ்டிக்கர உரிச்சிட்டு போன் டார்ச் அடிச்சு உத்துப் பாத்தவன் சொன்னான், "மாமா, இது நம்ம ஸ்டார் இல்ல, வேற ஸ்டார். நடுவுல ஒரு குச்சி வேற நிக்குது."

திருப்புறதுக்கு முன்னாடி உத்துப் பாத்தான் பாருங்க, அதுதான் பாதி வேலை. நிறைய பேரு வீட்ல இருக்குற டெஸ்டர எடுத்து உள்ள விட்டு ஒரு அழுத்து அழுத்தி திருப்பிட்டு, தலை மழுங்கினதுக்கு அப்புறம்தான் இது என்ன ஸ்க்ரூன்னு கேக்குறாங்க. அப்ப கேட்டா பதில் சொல்லலாம், ஆனா பிட் (ஸ்க்ரூ தலைக்குள்ள போற டிரைவர் நுனி) உக்கார்றதுக்கு இடம் இருக்காது.

நம்ம ஊர்ல முதல் குழப்பம் பேருலதான். கூட்டல் குறி மாதிரி இருக்குறத நாம ஸ்டார்னு சொல்றோம், ஒத்தக் கோடு போட்டிருந்தா மைனஸ், எங்க தாத்தாவுக்கு எல்லாமே திருப்புளி. ஹார்டுவேர் கடையில போய் ஸ்டார் ஒண்ணு குடுங்கண்ணேன்னா கூட்டல் குறிதான் கையில வரும். ஆனா நெஜமாவே நட்சத்திரம் மாதிரி இருக்குற ஸ்க்ரூ தனியா இருக்கு, ஆறு முனை இருந்தா அது டார்க்ஸ், அஞ்சு இதழ் பூ மாதிரி இருந்தா அது பென்டலோப். கடையில கேக்கும்போது ஸ்டார்னு சொல்லாம எத்தன முனைன்னு எண்ணி சொல்லுங்க, இல்லன்னா போட்டோ எடுத்துட்டு போய் காட்டுங்க, இதுக்கே ரெண்டு நடை மிச்சமாகும்.

சரி, ஒரு ஸ்க்ரூ டிரைவர் எப்படி வேலை செய்யுதுன்னு கொஞ்சம் யோசிச்சுக்கலாம், மத்ததெல்லாம் இதுல இருந்துதான் வருது. பிட்டோட பக்கம் ஸ்க்ரூ தலையில இருக்குற குழியோட சுவர தள்ளுது, அவ்வளவுதான். பிட்டு சுவர் முழுக்க ஒட்டி உக்காந்தா நம்ம பலம் பரவலா போகும், லூசா உக்காந்தா மொத்த பலமும் ரெண்டு மூணு மூலையில மட்டும் விழும், அந்த மூலை நசுங்கும், அடுத்த தடவ இன்னும் லூசு, இன்னும் நசுங்கும். பெரிய மரச்சாமான் ஸ்க்ரூன்னா நாலஞ்சு தடவ தாங்கும். போன்ல வர்ற ஸ்க்ரூவோட தலை அரிசி முனை அளவுதான், ரெண்டு தடவ வழுக்கினா கத முடிஞ்சுது. அதனால வடிவம் சரியா இருக்கணும், அளவு சரியா இருக்கணும், நேரா நிக்கணும், திருப்புற பலத்த விட அழுத்துற பலம் கூட இருக்கணும்.

கூட்டல் குறில இருந்தே ஆரம்பிப்போம். இதுக்கு பேரு பிலிப்ஸ், பல்பு கம்பெனிக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல, அமெரிக்காவுல ஆரிகன் மாநிலத்து ஹென்றி பிலிப்ஸ்ங்கிறவர் 1930கள்ல கொண்டு வந்தது. இதோட குழி உள்ள போகப் போக சரிவா குறுகும், அதனால பலம் அதிகமானா பிட்டு தானா மேல ஏறி வழுக்கும். அளவு பிஹெச்2, பிஹெச்1, பிஹெச்0, பிஹெச்00, பிஹெச்000ன்னு பெருசுல இருந்து சின்னதா போகும், லேப்டாப் அடிப்பக்கத்துக்கு பெரும்பாலும் பிஹெச்0, சில நேரம் பிஹெச்1, போன் உள்ளுக்கு பிஹெச்000. எது சரின்னு சந்தேகமா இருந்தா பெருசுல இருந்து ஒவ்வொண்ணா வச்சுப் பாருங்க, உள்ள நல்லா எறங்குறதுலயே பெரிய பிட்டு எதுவோ அதுதான் சரி. சின்னதுல இருந்து ஆரம்பிச்சா முதல்ல நுழையுறதயே சரின்னு நம்பிருவோம்.

இதுலயே ஒரு ஒளிஞ்சிருக்குற சிக்கல் இருக்கு. ஜப்பான்ல செஞ்ச கேமரா, பழைய டேப் ரெக்கார்டர், நின்டெண்டோ கேம் சாமான், ஜப்பான் பைக் இதுலெல்லாம் வர்ற கூட்டல் குறி பாக்க பிலிப்ஸ் மாதிரியே இருக்கும், ஆனா அது ஜேஐஎஸ்னு ஜப்பானோட தனி ஸ்டாண்டர்டு. பல ஸ்க்ரூல தலை ஓரத்துல ஊசி குத்துன மாதிரி ஒரே ஒரு சின்ன புள்ளி இருக்கும், அதுதான் அடையாளம். பிலிப்ஸ் பிட்ட இதுல வச்சா சுவர் ஒட்டுறதுக்கு முன்னாடியே நுனி போய் அடியில முட்டிரும், உக்காந்த மாதிரி இருக்கும், ஆனா திருப்பினா வழுக்கும். ஜேஐஎஸ் பிட்ட பிலிப்ஸ் ஸ்க்ரூல போட்டா பெரும்பாலும் நல்லாவே பிடிக்கும். ஒரு ஜேஐஎஸ் டிரைவர் வாங்கி வச்சா நல்லது, இல்லன்னா ஒரு மலிவான பிலிப்ஸ் பிட்டோட நுனிய மட்டும் எண்ணெய்க் கல்லுல நாலு உரசு உரசி ஒரு மயிரிழை மொட்டையாக்குங்க, எவ்வளவோ ஆழமா எறங்கும். பழைய கேமராவெல்லாம் நான் இப்படி உரசின பிட்டுலதான் கழட்டுறேன்.

டார்க்ஸ் 1967ல வந்தது. ஆறு முனை, சுவர் கிட்டத்தட்ட செங்குத்தா இருக்கும், அதனால பிலிப்ஸ் மாதிரி மேல ஏறி வழுக்காது, எனக்கு கழட்டுறதுக்கு புடிச்ச ஸ்க்ரூவே இதுதான். ஹார்டு டிஸ்க் மூடியில டி8, டி6 மாதிரி வரும், டிரிம்மர், லேப்டாப்லயும் பாக்கலாம். டி8னா முனைக்கு முனை சுமார் 2.3 மில்லிமீட்டர், டி6 சுமார் 1.7. இதோட நடுவுல ஒரு குச்சி நட்டுவச்சா அது செக்யூரிட்டி டார்க்ஸ், சாதா டார்க்ஸ் பிட்டு உள்ள போகாது, நுனியில ஓட்டை போட்ட பிட்டு வேணும். அக்கா பையனோட பிஎஸ்4ல இருந்தது இதுதான். ஓட்டை போட்ட பிட்டு சாதா டார்க்ஸ் ஸ்க்ரூலயும் வேலை செய்யும், அதனால செட்டு வாங்கும்போது ஓட்டை உள்ளதா பாத்து வாங்கிட்டா ஒரே கல்லுல ரெண்டு மாங்கா.

பென்டலோப் ஆப்பிளோடது, 2009 மேக்புக் ப்ரோ பேட்டரில முதல்ல வந்து அப்புறம் ஐபோன் 4க்கு பரவினது. ஐபோன் அடிப்பக்கம் சார்ஜர் ஓட்டைக்கு ரெண்டு பக்கமும் இருக்குற ரெண்டு குட்டி ஸ்க்ரூ இதுதான், அளவு 0.8 மில்லிமீட்டர், பி2ன்னு கேளுங்க, மேக்புக் ஏர் மாதிரிக்கு 1.2 மில்லிமீட்டர், அது பி5. ஐபோன் 7ல இருந்து உள்ள இங்கிலீஷ் ஒய் எழுத்து மாதிரி மூணு கால் ஸ்க்ரூவும் சேந்துச்சு, அது ஒய்000. நின்டெண்டோ ஸ்விட்ச்சோட பின்மூடியிலயும் ஜாய்கான்ங்கிற அதோட கண்ட்ரோலர் பின்னாடியும் இதே ஒய் கொஞ்சம் பெருசா, ஒய்00. மலிவான பொம்மை, அடாப்டர்ல சில நேரம் முக்கோணக் குழி இருக்கும், அளவு 2.0, 2.3ன்னு மில்லிமீட்டர்ல சொல்லுவாங்க. அப்புறம் பழைய நின்டெண்டோ கேட்ரிட்ஜ்ல (கேம் பெட்டியில சொருகுற டப்பா) வேற மாதிரி ஒண்ணு, குழியே கிடையாது, தலை வெளிய துருத்திட்டு நிக்கும், சுத்தி வரி வரியா இருக்கும், கேம்பிட்னு சொல்லுவாங்க, கேட்ரிட்ஜுக்கு 3.8, பெட்டிக்கு 4.5 மில்லிமீட்டர். வெளிநாட்டுல இருந்து யாராவது பழைய கேம் கொண்டு வந்து குடுத்தாதான் நம்ம கைக்கு இது வரும்.

குழி ஆழத்துல இருந்து கண்ணுக்குத் தெரியலன்னா என்ன பண்றது? போன் கேமராவ ரெண்டு மடங்கு ஜூம் வச்சு, டார்ச்ச நேரா அடிக்காம பக்கவாட்டுல அடிச்சு போட்டோ எடுங்க, நேரா அடிச்சா வெறும் பளபளப்புதான் தெரியும், பக்கத்துல அடிச்சாதான் நிழல் விழுந்து வடிவம் தெரியும். அதுலயும் தெரியலன்னா பசங்க விளையாடுற களிமண்ணு கொஞ்சம் உருட்டி குச்சி நுனியில வச்சு உள்ள அழுத்தி எடுங்க, அச்சு அப்படியே வரும், முனையும் எண்ணலாம், ஆழமும் தெரியும். ஸ்க்ரூவே கண்ணுல படலன்னா ரப்பர் கால் அடியில பாருங்க, ஸ்டிக்கர் மேல நகத்தால தடவிப் பாருங்க, பள்ளமா இருக்குற எடத்துல ஸ்க்ரூ இருக்கும். எதையும் நெம்பி ஒடைக்கிறதுக்கு முன்னாடி இதப் பாத்துருங்க.

வாங்குறதப் பத்தி. மொபைல் பார்ட்ஸ் விக்கிற கடை எல்லா ஊர்லயும் இருக்கு, சென்னைன்னா ரிட்சி ஸ்ட்ரீட், அங்க 32 இன் 1ன்னு கேட்டா ஒரு பெட்டி எடுத்துக் குடுப்பாங்க, பாதிக்கு மேல வேலைக்கு அது போதும். ஆனா குட்டி பிட்டு மலிவு செட்டுல சீக்கிரம் முறுக்கிக்கும், நான் முதல்ல வாங்கின செட்டுல பி2 பிட்டு மூணாவது ஸ்க்ரூலயே திருகு மிட்டாய் மாதிரி முறுக்கிருச்சு, ஸ்க்ரூவும் சேந்து கெட்டுச்சு. அதனால நான் சொல்றது, ஒரு மலிவு செட்டு வாங்கிட்டு, அடிக்கடி பயன்படுத்துற ரெண்டு மூணு அளவ மட்டும் எஸ்2 ஸ்டீல்னு போட்டிருக்குறதா தனியா நல்லதா வாங்குங்க. இன்னொண்ணு, குட்டி பிட்டோட அடிக்கட்டை 4 மில்லிமீட்டர் அறுகோணம், பெரிய டிரில்லுக்கு வர்றது 6.35 மில்லிமீட்டர், ஒண்ணோட கைப்பிடில இன்னொண்ணு உக்காராது, தனி பிட்டு வாங்குறவங்க நிறைய பேரு இதுல மாட்டிக்கிறாங்க.

இப்ப கையால செஞ்சுக்கிறது. எனக்கு இதுதான் ரொம்ப புடிச்ச பகுதி.

முக்கோணத்துக்கு நான் கண்டுபிடிச்ச நல்ல வழி, பழைய முப்பட்டை ஊசி அரம். பக்கத்து வீட்டு பொண்ணோட ரிமோட் கார்ல ஒயர் விட்டுப்போச்சு, அடியில நாலு ஸ்க்ரூ, எல்லாம் முக்கோணம். மைனஸ வச்சு மூலைக்கு மூலை முட்டுக்குடுத்து திருப்பலாம், ஒண்ணு கழண்டுச்சு, ரெண்டாவதுல வழுக்க ஆரம்பிச்சதும் விட்டுட்டேன். அப்பத்தான் டூல் டப்பாவுல பல்லு தேஞ்ச முப்பட்டை அரம் கண்ணுல பட்டுச்சு, அதுவே நல்லா கடினமான ஸ்டீல், அதுவே முக்கோணம், நுனி குறுகிட்டே போறதால ஏதோ ஒரு எடத்துல 2.3 மில்லிமீட்டர் வந்தே ஆகணும். ஸ்கேல வச்சு அந்த எடத்த மார்க் பண்ணி, துணி சுத்தி, வைஸ்ல புடிச்சு, கண்ணாடி போட்டுக்கிட்டு நுனிய ஒடிச்சேன், அரம் கண்ணாடி மாதிரி படக்குனு ஒடியும், சில்லு தெறிக்கும், அதனால துணியும் கண்ணாடியும் கட்டாயம். ஒடிஞ்ச முகத்த கல்லுல தட்டையாக்கி, மூணு பக்கமும் பல்ல வழவழப்பா உரசி எடுத்து, உள்ள வச்சதும் ஆடாம நின்னுச்சு. மீதி மூணு ஸ்க்ரூவும் ஒரு நிமிஷத்துல வெளிய. அந்த அரம் இன்னும் என்கிட்ட இருக்கு, பிடியில முக்கோணம் வரைஞ்சு வச்சிருக்கேன்.

பிட்ட உரசி மாத்தும்போது ஒண்ணு கவனிக்கணும். கிரைண்டர்ல வச்சா சூடாகி நுனி நீலமா மாறும், நீலம் வந்துட்டா ஸ்டீல் எளகிப்போச்சுன்னு அர்த்தம், அப்புறம் அது ஆணி மாதிரி வளையும். ரெண்டு செகண்டு உரசு, தண்ணில முக்கு, மறுபடி உரசு, விரல்ல தொட முடியாத சூடு வரவே விடாதீங்க. கையால கல்லுல உரசினா நேரம் ஆகும், ஆனா இந்த பயம் இல்ல. சாதா ஆணிய தேச்சு பிட்டு பண்றது வேலைக்கு ஆகாது, ரொம்ப மெது.

கேம்பிட்டுக்கு பால் பேனா போதும். ரீஃபிலையும் மூடியையும் எடுத்துட்டு வெறும் குழாய் நுனிய லைட்டர் பக்கத்துல காட்டுங்க, நெருப்புக்குள்ள விடாதீங்க, பளபளன்னு எளகினதும் ஸ்க்ரூ தலை மேல நேரா வச்சு அழுத்தி, ஒரு முழு நிமிஷம் ஆடாம புடிச்சுக்கணும். ஆறினதும் ஸ்க்ரூவோட வரி எல்லாம் குழாய்க்குள்ள அச்சா பதிஞ்சிருக்கும், மெதுவா திருப்பினா கழண்டுரும். தலை வெளிய நிக்குறதாலதான் இது வேலை செய்யுது, குழாய் சுத்தி கவ்விப் பிடிக்குது. இதே மாதிரி டூத் பிரஷ் காம்ப உருக்கி பென்டலோப்ல அழுத்துறவங்களும் இருக்காங்க, லேப்டாப் மாதிரி கொஞ்சம் பெரிய ஸ்க்ரூ லூசா இருந்தா வரும், ஆனா மரையில கழண்டுராம இருக்க பசை போட்டிருந்தா பிளாஸ்டிக் அறுந்து குழிக்குள்ளயே தங்கிரும், அப்புறம் சரியான பிட்டு வந்தாலும் உள்ள போகாது. ஐபோன்ல இத பண்ணவே வேணாம்னுதான் சொல்லுவேன், பி2வுக்கும் ஒய்க்கும் வாங்குறதுதான் ஒரே வழி, மூடிக்கு ரொம்ப கிட்டயே பேட்டரி இருக்கு, கை வழுக்கி லித்தியம் பேட்டரிய குத்திட்டா தீ பிடிக்கும்.

டார்க்ஸுக்கு ஒல்லியான மைனஸ் ஒண்ணு எதிரெதிர் முனைக்குள்ள முட்டுற அகலத்துல இருந்தா போதும், டி8க்கு 2.3க்கு ஒரு துளி கம்மி. ஆலன் கீ (அறுகோணக் கம்பி சாவி) வேணாம், உள்ள போற அளவு லூசா இருக்கும், லூசு இல்லாத அளவு உள்ளயே போகாது. செக்யூரிட்டி டார்க்ஸ்ல நடுக்குச்சி தடுக்கும், அதுக்குத்தான் அன்னிக்கு ஞாயித்துக்கிழம சாயங்காலம் கடை ஒண்ணும் இல்லாம நாங்க பண்ணது. வாட்ச் ஸ்க்ரூ டிரைவர்ல ஒரு சின்ன மைனஸ எடுத்து குச்சிக்கும் சுவருக்கும் நடுவுல எறக்கி, கைப்பிடிய குச்சி பக்கமா சாய்ச்சு ஒரு தட்டு. முதல் தட்டுல ஒண்ணும் ஆகல, ரெண்டாவதுல டிக்குனு குச்சி அடியோட ஒடிஞ்சுது. கடினமான ஸ்டீல் வளையாது, ஒடியும், அதனாலதான் இது நடக்குது. பெட்டிய கவுத்து தட்டி, காந்தம் வச்சு ஒடிஞ்ச துண்ட எடுத்துட்டு (அது உள்ள விழுந்து போர்டுல கிடந்தா ஷார்ட் ஆகும்), சாதா டி8 பிட்ட வச்சதும் கச்சிதமா உக்காந்துச்சு. நாலு ஸ்க்ரூல ரெண்ட அவன்தான் ஒடிச்சான்.

ஏற்கனவே மழுங்கினதுக்கு ரெண்டு மூணு வழி இருக்கு. அகலமான ரப்பர் பேண்ட தலை மேல விரிச்சு அதுக்கு மேல பிட்ட அழுத்தித் திருப்பலாம், லேசா மழுங்கினதுக்கு வரும். நல்லா மழுங்கினதுன்னா ஒரு அளவு பெரிய டார்க்ஸ் பிட்ட வச்சு மேல லேசா தட்டி எறக்கினா அது தன் பல்ல தானே பதிச்சுக்கும். வராம எறுகிப்போனதுக்கு முக்கால்வாசி காரணம் மரையில இருக்குற நீலப் பசை, சால்டரிங் அயர்ன் நுனிய ஸ்க்ரூ தலையில கொஞ்ச நேரம் வச்சு எடுத்தா பசை எளகும், பக்கத்துல பிளாஸ்டிக்கோ பேட்டரியோ இருந்தா இது கூடாது. தலை வெளிய நிக்குதுன்னா ஹேக்சா பிளேடு துண்டால ஒரு கோடு அறுத்து மைனஸ் போடலாம், ஆனா இரும்புத் தூள் பறக்கும், போர்டு தெரியுற எடத்துல பண்ணாதீங்க.

கழட்டுறதுக்கு முன்னாடி கரண்ட் விஷயம். கொசு பேட் சுவிட்ச ஆஃப் பண்ணாலும் உள்ள கெப்பாசிட்டர்ல சார்ஜ் நிக்கும், பிளாஸ்டிக் கைப்பிடி போட்ட டிரைவரால வலைய ஷார்ட் பண்ணிட்டுதான் தொடணும். மைக்ரோவேவ் ஓவன், பழைய குண்டு டிவி ரெண்டையும் பிட்டு இருக்குங்கிறதுக்காக தொறக்காதீங்க, பிளக் எடுத்து வச்சிருந்தாலும் உயிருக்கு ஆபத்தான சார்ஜ் உள்ள இருக்கும்.

கழட்டின ஸ்க்ரூவ ஒரே கிண்ணத்துல போடாதீங்க. ஒரு அட்டையில சாமானோட படத்த ஏனோதானோன்னு வரைஞ்சு, எந்த எடத்துல இருந்து வந்துச்சோ அந்த எடத்துலயே குத்தி வைங்க. பாக்க ஒண்ணா இருக்குற ஸ்க்ரூல நீளம் அரை மில்லிமீட்டர் மாறும், சில ஐபோன்ல நீளமானத தப்பான ஓட்டையில போட்டு முறுக்கினா அது போர்டுக்குள்ளயே எறங்கி அதுல கரண்ட் போற கோட்ட அறுத்துரும், நல்லா இருந்த போன் மாட்டும்போது செத்துரும்.

பிஎஸ்4 உள்ள ஹீட் சிங்க் மேல கம்பளி மாதிரி ஒரே தூசிப் படலம், ஃபேன் சுத்தாம விரலால புடிச்சுக்கிட்டு பிரஷ்ஷால எடுத்தோம். திரும்ப மாட்டும்போது அவன் நேரா வலப்பக்கம் முறுக்கப் போனான், நிறுத்தி, முதல்ல இடப்பக்கமா மெதுவா சுத்தச் சொன்னேன். பழைய மரையோட வாய் வந்து சேர்ற எடத்துல ஸ்க்ரூ டொக்குனு ஒரு துளி கீழ எறங்கும், கையில தெரியும், அங்க இருந்து வலப்பக்கம் திருப்பினா பழைய தடத்துலயே போகும், பிளாஸ்டிக்ல புது மரை வெட்டாது. நாலாவது ஸ்க்ரூவுக்கு வரும்போது நான் சொல்லல, அவனே இடப்பக்கம் திருப்பி காத்துக்கிட்டு இருந்தான். "மாமா, எறங்கிருச்சு"ன்னான்.